வியாழக்கிழமை வைத்த முத்திரை

"இந்த முத்திரையை யார் வைத்தது?"

சென்ற ஆண்டு துர்கா பூஜைக்கு இரண்டு வாரம் இருந்தபோது, கல்கத்தாவின் பவானிபூரில் ஒரு மருந்துக் கிடங்கில், தணிக்கைக்கு வந்த ஸ்மிதா என்ற அதிகாரி இப்படிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் பாகீரதி அக்காவுக்கு என்ன ஆனது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். இது அவருடைய கதை. அதைக் கெடுத்தவள் என்பதால் நானும் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

பாகீரதி அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது, படித்தது, கல்யாணம் ஆனது எல்லாமே லேக் மார்க்கெட்டைச் சுற்றி ஒரு மைலுக்குள். தாத்தா காலத்திலேயே கும்பகோணத்தை விட்டு வந்த குடும்பம். பி.காம். முடித்து வங்கித் தேர்வு இரண்டு முறை எழுதிப் பார்த்தார். இரண்டு முறையும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு அந்தக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலையில் சேர்ந்தார். அந்தக் கொஞ்ச நாள் இருபத்து மூன்று வருடம் ஆயிற்று.

கிடங்கு என்றால் பெரிய கட்டடம் இல்லை. ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம், உள்ளே ஒரு குளிர் அறை, வெளியே நீளமான மேஜைகள். அங்கே இருபத்திரண்டு பேர் இன்சுலினையும் தடுப்பூசி மருந்துகளையும் தெர்மோகோல் பெட்டியில் கட்டி மாவட்டங்களுக்கு அனுப்புவார்கள். மருந்தைச் சுற்றித் தட்டையான பிளாஸ்டிக் ஐஸ் பேக்குகளை அடுக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் அடுக்கக் கூடாது, மருந்து உறைந்துவிடும். மேஜைமேல் பரப்பி வைத்து, வியர்க்க விட்டு, காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் வைக்கலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நல்ல இன்சுலின் போலவே இருக்கும். போட்டுக்கொண்டால் வேலை செய்யாது.

இந்தக் குலுக்கும் விஷயத்தை அக்காவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சேர்ந்த அன்று பதினோரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்று, 'எனக்குப் பயிற்சி தரப்பட்டது' என்பது. அடுத்த மே மாதம் மால்டா மாவட்டத்துக்குப் போன ஒரு பெட்டி திரும்பி வந்தது. மருந்துக்குள் ஊசி ஊசியாகப் பனி.

"யாரும் என்னைத் திட்டலைடி," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "எப்படித் திட்டுவா? எல்லாம் தெரியும்னு நானே எழுதிக் குடுத்திருக்கேனே. திரும்பி வந்தது ஒரு பெட்டி. அந்த மாசம் நான் நாப்பது பெட்டி கட்டினேன். மத்ததெல்லாம் யார் உடம்புக்குள்ள போச்சோ?"

ஆறு வருடத்துக்கு முன்பு அவரைப் பயிற்சிப் பிரிவுக்குப் பொறுப்பாக்கினார்கள். பிரிவு என்றால் ஒரு மேஜை, ஒரு அலமாரி, அவர். முதல் வேலையாகப் பழைய தாள்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை அச்சடித்தார். ஒவ்வொரு வேலைக்கும் அட்டையில் மூன்று கட்டம். வேலையைக் காட்டித்தந்த தேதி முதல் கட்டத்தில். அதிலிருந்து ஏழாம் நாள் அந்த ஆள் தானாகச் செய்த தேதி இரண்டாவது கட்டத்தில். மூன்றாவதில் அக்காவின் ஊதா முத்திரை. வட்டத்துக்குள் 'தேகேச்சி' என்று இருக்கும். பார்த்தேன் என்று அர்த்தம். கீழே சக்கரத்தைத் திருப்பி வைக்கும் தேதி.

சொன்ன அன்றே கேட்டால் யாரும் சரியாகச் செய்வார்கள், ஏழு நாள் கழித்தும் கை செய்தால்தான் கற்றதாகக் கணக்கு என்பது அவர் கட்சி. ஏழாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கையைக் கட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் நிற்பார். தப்பாகச் செய்தாலும் பேச மாட்டார். முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். வங்காளிகள் அவருக்குப் 'பொரிக்கா-தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பரீட்சை அக்கா.

பிரிட்டோ அண்ணனுக்கு அதுவும் போதவில்லை. அவர் ஐஸ் மேஜையின் மூத்த ஆள். அப்பா தூத்துக்குடியிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். "மருமக சமையலப் பாக்க மாமியா வருது, எல்லாரும் முந்தானைய இழுத்துச் சொருகுங்க," என்பார்.

"உனக்கு எங்கேடா முந்தானை?" என்பார் அக்கா.

"அதான் எனக்குப் பயமில்ல."

அக்கா பிரமாதமாகப் பாடம் நடத்துவார் என்று சொல்ல மாட்டேன். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் தொண்டை கட்டிக்கொள்ளும். யாருக்கு யார் காட்டித்தர வேண்டும், யாரை எந்த மேஜைக்கு எப்போது மாற்றலாம் என்பதில்தான் அவர் கெட்டிக்காரர். இடது கைக்காரப் பெண் ஒருத்தி சேர்ந்தபோது, அவளை இடது கைக்காரரான பிரிட்டோ அண்ணனிடம் விட்டார். ஆங்கிலம் படிக்க வராத ஷெஃபாலி மாஷியை, அதாவது ஷெஃபாலி சித்தியை, லேபிள் மேஜையில் எல்லோரும் கேலி செய்தார்கள். அக்கா அவரைக் குளிர் அறையின் வெப்பமானியிடம் அனுப்பினார், எண்கள்தானே என்று. ஒரு வருடத்தில் மாஷி அந்தக் கருவியின் கோடு ஏறுவதைப் பார்த்தே கதவு சரியாக மூடவில்லை என்று சொல்லிவிடுவார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, ஜூன் மாதம் அங்கே சேர்ந்தேன். மேலே படிக்க மாட்டேன் என்று வீட்டில் அடம் பிடித்துக்கொண்டு வந்தவள். ஒரே இடத்தில் உட்கார எனக்கு வராது. அக்கா அதைக் கவனித்திருக்க வேண்டும். காலையில் லேபிள் மேஜை, மதியம் அவருடைய மஞ்சள் அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலை என்று பிரித்துக் கொடுத்தார். முத்திரை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும். அந்த இடம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஜனவரியில உன்னைக் குளிர் அறைப் பதிவுக்கு மாத்தலாம்னு பாத்துண்டிருக்கேன்," என்றார் ஒருநாள். "அதுக்கு முன்னாடி ஐஸ் மேஜை தெரிஞ்சிருக்கணும். அவசரப்படாம இரு."

"நான் எங்கக்கா அவசரப்படறேன்?"

"இப்பக்கூட நின்னுண்டேதான் பேசறே. உக்காருடி."

செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. மும்பைத் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு மொபைல் ஆப் வாங்கியிருந்தது. ஆறு நிமிட வீடியோ, முடிவில் ஒரு பட்டன், பயிற்சி முடிந்தது. எங்கள் கிளை மட்டும் அட்டையோடு தொடரலாமா என்பதை இன்சுலின் கம்பெனியின் தணிக்கைக்குப் பிறகு முடிவு செய்வார்கள் என்று மேலாளர் கௌசிக்-தா சொன்னார். வங்காளிகளுக்குத் தாதா என்றால் அண்ணன், பெயரோடு சேர்த்தால் தா. தணிக்கை நன்றாகப் போனால் அக்காவின் பிரிவு நிற்கும். இல்லாவிட்டால் ஆப்.

தணிக்கை ஒரு வெள்ளிக்கிழமை. அதே வாரம் திங்கட்கிழமைதான் என்னையும் இன்னும் மூன்று பேரையும் ஐஸ் மேஜைக்கு மாற்றினார்கள். பிரிட்டோ அண்ணன் காட்டித்தந்தார். எங்கள் ஏழாம் நாள் அடுத்த திங்கட்கிழமை. நான்கு அட்டைகளில் ஐஸ் வேலைக்கு எதிரே கடைசி இரண்டு கட்டங்களும் வெள்ளையாக இருந்தன. மற்றப் பதினெட்டு அட்டைகளும் நிறைந்திருந்தன.

புதன்கிழமை மாலை அக்காவிடம் கேட்டேன். "நாலு அட்டை காலியா இருக்கேக்கா?"

"இருக்கட்டும்."

"அவங்க கேட்டா?"

"இன்னும் ஆகலைன்னு சொல்லுவேன். ஆகலைதானே?" கைப்பையை மாட்டிக்கொண்டே சொன்னார். மறுநாள் அவருக்கு விடுப்பு. கணவர் ராகவேந்திரனுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை.

வியாழக்கிழமை மதியம் கௌசிக்-தா அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். "ஷோனோ, கேளு மஹிமா, இங்கே வா. என்ன இது, நாலு அட்டை வெறும் வெள்ளையா? பாகீரதி-தியோட செக்ஷன் நிக்கணுமா, வேண்டாமா?"

"தீதி இன்னிக்கு லீவு, தாதா."

"அது எனக்கும் தெரியும். நான் எதையும் செய்யச் சொல்லலை. நாளைக்குக் கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு மட்டும்தான் சொல்றேன்." அட்டைகளை என் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பன்னிரண்டு வருடம் எனக்கு எல்லா ஆசிரியர்களும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வராதே. தேர்வில் ஒரு கேள்வியைக்கூட நான் எழுதாமல் விட்டதில்லை. காலி இடம் என்றாலே எனக்குத் தப்பு என்று பட்டது. அக்காவின் பிரிவு நான்கு காலிக் கட்டத்தால் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். அதை நான் நல்ல எண்ணத்தோடுதான் நினைத்தேன். அதனால் செய்தது சரியாகிவிடாது.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். இன்னும் வராத திங்கட்கிழமையின் தேதியைப் போட முடியாது. அதனால் சக்கரத்தை அன்றைய வியாழக்கிழமைக்குத் திருப்பினேன். இரண்டாவது கட்டத்தில் அதே தேதியை எழுதி, மூன்றாவதில் முத்திரை வைத்தேன். நான்கு அட்டை, நான்கு முத்திரை. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. காளிகாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அன்று விசில் அடித்துக்கொண்டே நடந்து போனேன்.

மறுநாள் காலை அக்கா வருவதற்குள் கௌசிக்-தா அட்டைகளை எடுத்துத் தணிக்கை மேஜையில் வைத்துவிட்டார். அக்கா அவற்றைப் பார்க்கவே இல்லை. ஸ்மிதா அதட்டிப் பேசுகிறவர் அல்ல. ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டாச்சா என்று கேட்டார். அட்டைகளைப் புரட்டியவர் என்னுடையதை உருவினார்.

"மஹிமா நீங்கதானே? ஒரு பெட்டி கட்டிக் காட்டுங்க."

மேஜையில் ஐஸ் பேக்குகள் பரப்பியிருந்தன. எடுத்து எத்தனை நேரம் ஆனது என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை பிரிட்டோ அண்ணன் துணியால் துடைத்துத் துடைத்து அடுக்கியது நன்றாக ஞாபகம் இருந்தது. நானும் துடைத்தேன், அழகாக அடுக்கினேன், மூடினேன். ஸ்மிதா மூடியைத் திறந்து ஒரு பேக்கை எடுத்து என் காதருகே குலுக்கினார்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலை."

"ம்," என்றார். அட்டையைத் திருப்பினார். தேதியைப் பார்த்தார். வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். விரலை ஒரு வரியில் ஓட்டி நிறுத்தினார்.

"பாகீரதி மேடம், வியாழக்கிழமை நீங்க லீவு. இந்த முத்திரையை யார் வைத்தது?"

அக்கா அப்போதுதான் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஏழாம் நாள் நிற்பது போல. நான் தானாகச் செய்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும், 'படிக்க மாட்டேன் என்றாயே' என்று அப்பா சொல்லிக்காட்டுவார் என்றெல்லாம் அந்த நேரத்தில் தோன்றியது. தரையில் கிடந்த ஈரத் துணியை எடுத்து மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

"லீவு போறதுக்கு முன்னாடியே வெச்சுட்டுப் போயிருப்பாங்க," என்றார் கௌசிக்-தா. "வேலை நெருக்கடி, பாருங்க."

"அப்படியா மேடம்?"

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தார். "என் முத்திரை," என்றார். "டப்பாவைப் பூட்டாம வெச்சது நான்."

"நீங்க வெச்சீங்களான்னு கேக்கறேன்."

"என் முத்திரை," என்றார் மறுபடியும்.

ஸ்மிதா பெருமூச்சு விட்டார். "காலியா விட்டிருக்கலாமே. 'பழகிக்கொண்டிருக்கிறார், திங்கட்கிழமை வரை தனியாக வேலை இல்லை'ன்னு ஒரு வரி இருந்தா எனக்குப் போதும். உங்க அட்டை முறையைப் பத்தி நல்லபடியா எழுதணும்னுதான் வந்தேன். இப்ப மத்தப் பதினெட்டை நான் எப்படி நம்பறது?"

அந்தப் பதினெட்டும் உண்மை. ஆறு வருடம் அவர் கால் கடுக்க நின்று பார்த்துப் பார்த்து வைத்த முத்திரைகள். என்னுடைய நான்கு அவற்றையும் பொய்யாக்கிவிட்டன.

அறிக்கையில் 'பயிற்சி அதிகாரி பார்க்காமலே முன்கூட்டி முத்திரையிட்டார்' என்று எழுதியிருந்தது. துர்கா பூஜையை அடுத்து வரும் லக்ஷ்மி பூஜை முடிந்த மறுநாள் அக்காவின் பிரிவை மூடினார்கள். பெட்டி கட்டும் மேஜைக்குத் திரும்பலாம், விருப்பம் இல்லாவிட்டால் போகலாம் என்றார்கள். அக்கா பிஸ்கட் டப்பாவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஷெஃபாலி மாஷி கேட் வரை கூடவே போய் அழுதுவிட்டு வந்தார். நான் கழிப்பறையில் நின்றுகொண்டிருந்தேன்.

நானும் நவம்பரில் விலகிவிட்டேன். பிரிட்டோ அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஜதின் தாஸ் பார்க் மெட்ரோ வாசலில் ஒருநாள் பார்த்தேன்.

"வீடியோவ ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போனேன் புள்ள. திரும்பி வந்து பட்டன அமுக்குனேன். பாஸ். டீக்கடைக்காரன அமுக்கச் சொல்லிருந்தா அவனும் பாஸ்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பொரிக்கா-தி ரெண்டு கிடங்குல வேலை கேட்டுப் போயிருக்கு. ரெண்டு எடத்துலயும், பாக்காமலே முத்திரை குத்துனது நீங்கதானேன்னு கேட்டானுவளாம். மருந்து லைன்ல வாட்ஸ்ஆப் குரூப் இருக்குல்லா, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எனக்கு இன்னமும் நம்ப முடியல. அதுவா அப்படிச் செஞ்சிருக்கும்?"

அவரிடம்கூட அன்று நான் சொல்லவில்லை. ரயில் வந்துவிட்டது என்று ஓடினேன்.

இந்த பிப்ரவரியில் லேக் மார்க்கெட்டில் அம்மாவுக்காகக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் பாகீரதி அக்கா. ஓடவும் இடம் இல்லை.

"இளைச்சிருக்கியே," என்றார். "எங்கே வேலை?"

"இப்ப எங்கயும் இல்லக்கா." பிறகு நான்கு மாதமாகச் சொல்லிப் பழகியதைச் சொல்ல ஆரம்பித்தேன். "அக்கா, அன்னிக்கு அந்த முத்திரை…"

"எனக்குத் தெரியும்டி."

"தெரிஞ்சும் ஏன் நீங்க…"

"நான் வைக்கலைன்னு சொன்னா அடுத்த கேள்வி, டப்பா இருக்கற எடம் வேற யாருக்குத் தெரியும்? நான் உன் பேரைச் சொல்லணும். பதினெட்டு வயசுப் பொண்ணு பேரை நான் சொல்றதை விட நீயே சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லலை." முருங்கைக்காயைப் பைக்குள் வைத்தார். "அது என்னோட தப்புக் கணக்கு. விடு."

நான் அழ ஆரம்பித்தேன். கடைக்காரர் பார்த்தார். மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்காவின் முகம் அப்போதுதான் இறுகியது.

"எங்கிட்ட சொல்லி என்னடி பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவா எத்தனை பேர் இருக்கா, அவாகிட்டப் போய்ச் சொல்லு." சில்லறையை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளே கௌசிக்-தாவிடம் போனேன். "ஃபைல் முடிஞ்சுபோச்சு, மஹிமா. இப்ப எதுக்குக் கிளறணும்?" என்றார். ஸ்மிதாவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். நன்றி, குறித்துக்கொண்டேன், ஆனால் முடிந்த அறிக்கையைத் திருத்த முடியாது என்று இரண்டு வரி வந்தது. பிரிட்டோ அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன். அவர், "அன்னைக்குச் சொல்லிருக்கலாமே புள்ள," என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

அந்த வாட்ஸ்ஆப் குழுக்களில் நான் இல்லை. பொய் எந்தெந்தக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி ஏறி இறங்கி அதைப் பிடிக்க முடியாது. எனவே படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். கல்கத்தாவில் மருந்துக் கடையிலோ, கிடங்கிலோ, குளிர் அறையிலோ வேலை செய்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். தமிழ் தெரியாதவர்களாக இருந்தால் வங்க மொழியிலோ இந்தியிலோ வாயால் சொல்லுங்கள். முழுக் கதையும் சொல்ல நேரம் இல்லாவிட்டால் இதை மட்டுமாவது சொல்லுங்கள்: அந்த வியாழக்கிழமை பாகீரதி, கணவரின் கண் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். முத்திரையை வைத்தவள் மஹிமா.